ஏழு பொத்தான்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். நீயும் அம்மாவும் நலமா? அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்துவிட்டார்களா? போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "எழுதுடா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். சரி, எழுதுகிறேன்.

நல்ல செய்தி ஒன்று. கணித ஆய்வாளர்களுக்கு ஒரு வலையமைப்பு தொடங்கப்போகிறோம். ஏற்பாட்டுக் குழுவுக்கு நான்தான் தலைவர். இத்தனை காலம் நாலு பெரிய பல்கலைக்கழகம், அவற்றில் ஒரு நாற்பது பேர், அந்த நாற்பது பேரும் ஒருவருக்கொருவர் கைதட்டிக்கொள்வது என்றுதான் போய்க்கொண்டிருந்தது. இனி அப்படி இருக்கக் கூடாது. சின்னக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்கள், குழந்தை வளர்க்க ஆராய்ச்சியைப் பாதியில் விட்ட பெண்கள், உடல் குறை உள்ளவர்கள் என்று எல்லோரும் உள்ளே வர வேண்டும். முதல் கூட்டம் நவம்பரில். அறிவிப்பும் விண்ணப்பப் படிவமும் இத்துடன் வைத்திருக்கிறேன். உன் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்.

இன்னொன்று. ஆலோசனைக் குழுவில் உன்னையும் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். வேலை ஒன்றும் இருக்காது, அக்கா. உன் பெயர் இருந்தால் போதும்.

உன் இரத்த அழுத்த மாத்திரையை மறக்காதே. அம்மாவுக்கு என் வணக்கம்.

உன் தம்பி

•

ஜூன் 13

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். அம்மாவுக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. பிரித்ததும் சுவரைப் பார்த்து, "இவ்வளவு அழுக்காவா இருந்துது நம்ம வீடு?" என்று கேட்டாள். ஆக, பார்வை நன்றாக வந்துவிட்டது. உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது? மானிட்டரைக் கொஞ்சம் உயர்த்தி வை என்று சொன்னேனே, வைத்தாயா?

போனில் பேச மாட்டேன். போனில் நீ நாலு தரம் "ஆமாக்கா, ஆமாக்கா" என்று சொல்லி என்னைக் குளிர வைத்துவிடுவாய். மறுநாள் கேட்டால் அப்படியா சொன்னேன் என்பாய். எழுது. எழுதினால்தான் பிடி இருக்கும்.

உன் படிவத்தைப் படித்தேன். படித்துவிட்டு மாத்திரையை ஒரு மணி நேரம் முன்கூட்டியே போட்டுக்கொண்டேன். எல்லோரையும் உள்ளே கூப்பிடுகிறாய், சரி. எந்த வழியாக வருவது? "விண்ணப்பதாரரின் ஆய்வு நிறுவனம்" என்று ஒரு கட்டம். எங்கள் மாலைக் கல்லூரி கணக்குப் பாடம் சொல்லித்தரும் இடம், ஆய்வு நிறுவனம் இல்லை. அதற்குக் கீழே, "விண்ணப்பதாரரின் ஆய்வை நன்கு அறிந்த இரு பேராசிரியர்களின் கையொப்பம்." வெளியே நிற்கிறவளை உள்ளே விட, உள்ளே இருக்கிற இரண்டு பேர் அவளை ஏற்கெனவே அறிந்திருக்க வேண்டுமாம். அறிந்திருந்தால் அவள் ஏன்டா வெளியே நிற்கிறாள்? கூட்டம் நாலு மணி முதல் ஏழு மணி வரை. எங்களுக்கு ஐந்தரைக்கு முதல் வகுப்புக்கு மணி அடிப்பார்கள். இடம் உன் துறையின் மூன்றாவது மாடி. போன வருஷம் நான் வந்தபோதே லிஃப்ட் கதவில் "பழுது" என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த அட்டையே பழசாகி மஞ்சள் பூத்திருந்தது.

என் எதிர் மேசைக்காரியைப் பற்றி எழுதியிருக்கிறேன் அல்லவா? எங்கள் ஆசிரியர் அறையில் எனக்கு நேர் எதிரே உட்காருகிறவள், இரட்டைப் பிள்ளைகளின் அம்மா. அவளுக்கு ஒரு காது சுத்தமாகக் கேட்காது, மறு காது பாதிதான். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிப்பாள். அதில் அவளை ஏமாற்ற முடியாது. முதல்வர் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முணுமுணுப்பதைக்கூட இந்தப் பக்கம் நின்று எங்களுக்குச் சொல்லிவிடுவாள். ஆனால் கணிதக் கூட்டத்துக்குப் போனால் அவள் கதி அதோகதி. ஏனென்று உனக்குத் தெரியுமா? கணிதக்காரர்கள் அத்தனை பேரும் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டேதான் பேசுவீர்கள். எழுதிக்கொண்டே பேசுவது, முதுகைக் காட்டிப் பேசுவது. மூன்று கருத்தரங்குக்குப் போனாள், மூன்று முதுகைப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு போவதை விட்டுவிட்டாள். அவளை உள்ளே கொண்டுவருவது என்றால், நீ முதலில் திரும்பி நிற்க வேண்டும். அது உன் படிவத்தில் எங்கே இருக்கிறது?

அந்த ஆலோசனைக் குழு எனக்கு வேண்டாம். பெயர் இருந்தால் போதும் என்கிறாய். என் பெயர் எங்கே இருக்க வேண்டும் என்பதை இன்னொரு நாள் பேசலாம்.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

•

ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் நலம். மானிட்டருக்கு அடியில் இரண்டு தடிப் புத்தகங்களை வைத்திருக்கிறேன். கழுத்து பரவாயில்லை.

நீ திட்டியதில் நியாயம் இருக்கிறது. அப்படியே குழுவில் வைத்தேன், திட்டை மட்டும் நீக்கிவிட்டு. இரண்டு கையொப்பத்தை எடுத்துவிட்டோம். கூட்டத்தைத் தரைத் தளத்துக்கு மாற்றிவிட்டோம். நேரம் கொஞ்சம் சிக்கல், வெளியூர்ப் பேராசிரியர்களின் ரயிலைப் பொறுத்தது, பரிசீலிக்கிறோம். பலகையைப் பார்த்துப் பேசுவது பற்றியும் சொன்னேன். குழுவில் சிரித்தார்கள். பழக்கம், என்ன செய்வது.

உன் எதிர் மேசைக்காரியை விண்ணப்பிக்கச் சொல். ஏதாவது செய்திருந்தால் இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்பட்டும். நான் பார்த்துக்கொள்கிறேன்.

பெயரைப் பற்றி ஏதோ எழுதியிருந்தாய். எனக்குப் புரியவில்லை.

அம்மாவுக்கு வெளிச்சத்தில் கண் கூசினால் கறுப்புக் கண்ணாடி போடச் சொல்.

உன் தம்பி

•

ஜூலை 10

அன்புள்ள தம்பிக்கு,

இருவரும் சுகம். அம்மா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் ஐந்து நிமிஷம் நின்றாள். கூச்சம் கண்ணுக்குத்தான், அவளுக்கு இல்லை.

எதிர் மேசைக்காரி விண்ணப்பித்துவிட்டாள். என்ன எழுதியிருக்கிறாள் என்பதை உனக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எழுதியிருப்பது உன் கட்டுரையைப் பற்றி.

உனக்குப் பெயர் வாங்கித் தந்த அந்தப் பெரிய கட்டுரையை ஒரு வருஷமாக வைத்துப் படிக்கிறாள். விடைத்தாள் திருத்துவது, பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவருவது, இதற்கு நடுவே பழைய வினாத்தாள்களின் பின்பக்கத்தில் போட்டுப் போட்டுப் பார்க்கிறாள். பெரிய தேற்றத்துக்கு முட்டுக்கொடுக்க முன்னால் ஒரு சின்னத் துணைத்தேற்றம் வருமே, அதில்தான் அவள் கண் நின்றது. ஒரு வலை, அதில் எந்த ஒரு புள்ளியைப் பிடுங்கினாலும் மிச்சம் அறுந்துபோகாது. அப்படிப்பட்ட வலையின் புள்ளிகளைத் தகுந்தபடி வரிசையாக நிறுத்தி, நடுப் புள்ளியை எடுத்துவிட்டால், இரண்டு பக்கமும் அறுபடாமல் சரிபாதியாக நிற்கும். நடுப் புள்ளி என்று ஒன்று வேண்டும் என்பதால், மொத்த எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்று அங்கே ஒரு நிபந்தனை இருக்கிறது.

இவள் கேட்டாள்: "நடுவுல ஒருத்தர் எதுக்கு? வரிசைய எந்த இடத்துல வெட்டினாலும் ரெண்டு பக்கமும் நிக்குதே." நானும் போட்டுப் பார்த்தேன். நிற்கிறது. அந்த நிபந்தனை தேவையே இல்லை, தம்பி. அதை எடுத்துவிட்டால் உன் தேற்றம் இன்னும் பல வலைகளுக்குப் பொருந்தும். பதினெட்டு வருஷமாக எத்தனையோ பேர் படித்திருக்கிறார்கள், ஒருவருக்கும் தோன்றவில்லை.

"இவ்வளவு பெரிய ஆளு காரணமில்லாமலா போட்டிருப்பாரு?" என்று தினமும் என்னைக் கேட்கிறாள். நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. உன்னிடமும் இப்போது சொல்லவில்லை.

பதில் போடு. எல்லோருக்கும் என் அன்பு.

உன் அக்கா

•

ஆகஸ்ட் 21

தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய் என்று நம்புகிறேன். ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஆனால் உன் குழுவிடமிருந்து கடிதம் வந்துவிட்டது, எனக்கல்ல, எதிர் மேசைக்காரிக்கு.

அந்தக் கடிதத்தை அப்படியே எடுத்து எழுதுகிறேன். நீ பார்க்காமல் இருந்திருந்தால் இப்போது பார்த்துக்கொள். "மூலக் கட்டுரையின் ஆசிரியர் விதித்துள்ள நிபந்தனை தக்க காரணமின்றி இருக்க வாய்ப்பில்லை. விண்ணப்பதாரர் மூலக் கட்டுரையை மீண்டும் கவனமாகப் படிக்குமாறு அறிவுறுத்தப்படுகிறார். பார்வையாளராகக் கலந்துகொள்ளத் தடையில்லை." கீழே "குழுவின் சார்பில்" என்று ஒரு முத்திரை. கையெழுத்துப் போட ஆள் இல்லை.

அவளுடைய நிரூபணத்தில் எந்த வரி தப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. மொத்தம் இரண்டே பக்கம். படித்தார்களா? பெரியவர் போட்ட நிபந்தனை, ஆகவே சரி. சின்னக் கல்லூரிக்காரி சொல்கிறாள், ஆகவே தப்பு. இதுவா கணிதம்? இதைத்தான் எங்கள் முதலாண்டுப் பிள்ளைகள் செய்தால் முட்டை போடுகிறோம். தடையில்லையாம், பார்வையாளராக வரலாமாம். வந்து என்ன செய்வாள், மறுபடி முதுகைப் பார்ப்பாளா?

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வயிறு எரிந்திருக்காது. அந்தக் கடிதத்தை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, "எங்கயோ தப்புப் பண்ணியிருக்கேன் போல, மறுபடி படிக்கிறேன்" என்று உன் கட்டுரையை முதல் பக்கத்திலிருந்து திறந்தாள். மூன்று வாரமாக அந்த ஒற்றைப்படைக்குக் காரணம் தேடிக்கொண்டிருக்கிறாள். இல்லாத காரணத்தைத் தேடுகிறாள்டா அவள். பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்து தூங்கும் மத்தியான நேரத்தை அதற்குக் கொடுக்கிறாள்.

ஆகையால் நான் உன்னை ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். சுற்றி வளைக்காமல் ஒரு வரியில் பதில் எழுது. அந்த நிபந்தனையை ஏன் போட்டாய்?

அம்மா உன்னை விசாரித்தாள்.

அக்கா

•

செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். இங்கே தேர்வுப் பணி, புது மாணவர் சேர்க்கை, அதோடு இந்தக் கூட்ட ஏற்பாடு. மூச்சுவிட நேரமில்லை. கழுத்து மறுபடி பிடித்துக்கொண்டது. கழுத்துப் பட்டை போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

எதிர் மேசைக்காரி விஷயம் எனக்கும் வருத்தம்தான். விண்ணப்பங்கள் நிறைய வந்தன. குழு என்றால் பல பேர், பல கருத்து. தலைவர் என்பதற்காக நான் ஒவ்வொன்றிலும் தலையிட முடியாது. இந்த வருஷம் பார்வையாளராக வரட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம்.

நிபந்தனையைப் பற்றிக் கேட்டிருந்தாய். பழைய கட்டுரை. எடுத்துப் பார்க்க வேண்டும். ஏதாவது வசதிக்காகப் போட்டிருப்பேன்.

அம்மாவுக்கு எப்படி இருக்கிறது? பெரிய மகளுக்கு நீச்சலில் பரிசு கிடைத்தது.

உன் தம்பி

•

செப்டம்பர் 15

தம்பிக்கு,

அம்மா சுகம். பெரியவள் நீந்தியதைச் சொன்னதும் பக்கத்து வீட்டுக்காரர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாள். எனக்கு மட்டும் சுகமில்லை. உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து சுகமில்லை.

வசதிக்காகப் போட்டாயா? பூசி மெழுகாதே. உனக்குத் தெரியாது. அதுதான் உண்மை. அந்த நிபந்தனை ஏன் அங்கே இருக்கிறது என்பது உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் பதினெட்டு வருஷமாக வாயைத் திறக்கவில்லை. இன்றைக்குத் திறக்கிறாள்.

நம் இரண்டு பேரில் ஒருவர்தான் ஆராய்ச்சிக்குப் போக முடியும் என்று இருந்தது. நீ போனாய். அதற்கு நான் ஒரு நாளும் குறைப்பட்டதில்லை. இரண்டாவது வருஷம் எழுதினாய், "அக்கா, நிரூபணத்தில் ஒரு படியில் மாட்டிக்கொண்டேன், ஏழு மாதமாகிறது, எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடப் போகிறேன்" என்று. அன்றைக்கு அம்மாவின் தையல் மேசையில் உட்கார்ந்தேன். வெட்டிய துணியை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, பொத்தான் டப்பாவைக் கவிழ்த்தேன். சட்டைக்கெல்லாம் தைத்ததுபோக ஏழே ஏழு பொத்தான் மிச்சம் இருந்தது. ஏழையும் பரப்பி, நடுவே நூலைப் போட்டு, ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். அம்மா, "பொத்தான வச்சு என்னடி வெளையாட்டு, துணி கசங்குது பாரு" என்று ஏசினாள். நாலு நாள் ஏசினாள். அஞ்சாவது நாள் எனக்கு அந்த வரிசை கிடைத்தது. ஏழு என்பதால் நடுவில் ஒன்று நின்றது. அதைப் பிடித்துக்கொண்டு எழுதினேன். நாலு பக்கம். எட்டுப் பொத்தான் இருந்திருந்தால் அந்த நிபந்தனையே வந்திருக்காது. உன் புகழ்பெற்ற நிபந்தனைக்குத் தக்க காரணம் இதுதான், அம்மாவின் டப்பாவில் எட்டாவது பொத்தான் இல்லை.

நீ அதை எடுத்தாய். என் தப்பையும் சேர்த்து எடுத்தாய். கட்டுரை அச்சாகி வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பினாய், "அன்பு அக்காவுக்கு" என்று எழுதி. முதல் பக்கத்தில் தேடினேன், அடிக்குறிப்பில் தேடினேன், கடைசிப் பக்கம்வரை தேடினேன். தம்பிதானே, போகட்டும் என்று மடித்து வைத்தேன். என்னைப் பொறுத்தவரை அது அப்படியே போயிருக்கும்.

ஆனால் இப்போது அந்தப் பொய்யைக் கொண்டுவந்து இன்னொருத்தி கண்ணில் தூவுகிறாய். என் தப்பைக் கண்டுபிடித்தவளைப் பார்த்து, நீ சரியாகப் படிக்கவில்லை என்கிறாய். இதை நான் சும்மா விடமாட்டேன். அவளுடைய இரண்டு பக்கத்தை நீ உன் கையால் எடுத்து, உன் கண்ணால் படி. தப்பு இருந்தால் எந்த வரி என்று எழுது. இல்லையென்றால் அவளை மேடையில் ஏற்று.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதக் கை வருகிறது, பழக்கம். எழுதிவிட்டேன்.

அக்கா

•

அக்டோபர் 20

அக்காவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

எதிர் மேசைக்காரியின் இரண்டு பக்கத்தையும் படித்தேன். தப்பு இல்லை. நவம்பர் 18 காலை பத்தரைக்கு அவளுக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். கூட்டம் முழுவதையும் காலைக்கு மாற்றிவிட்டேன். ரயிலில் வருகிறவர்கள் முதல் நாளே வரட்டும். முன்வரிசையில் அவளுக்கு இடம். பேசுகிறவர்கள் எழுதி முடித்துவிட்டுத் திரும்பிப் பேச வேண்டும் என்று அறிவிப்பிலேயே போட்டாயிற்று. இதற்குமேல் ஒரு தலைவர் என்ன செய்ய முடியும் என்று தெரியவில்லை.

மற்ற விஷயத்தை நேரில் பேசிக்கொள்ளலாம். அப்போது எனக்கு இருபத்தாறு வயது, அக்கா. அந்தப் படியைத் தந்தபோது "வச்சுக்கோ" என்றுதான் நீ சொன்னாய். என் ஆய்வு வழிகாட்டி, வீட்டு ஆட்களின் பெயரையெல்லாம் போடுவது வழக்கமில்லை என்றார். கடைசிப் பக்கத்தில் "பொறுமை காத்த குடும்பத்தாருக்கு நன்றி" என்று இருக்கிறதே, அதில் நீயும் உண்டு.

உன் தம்பி

•

அக்டோபர் 27

தம்பிக்கு,

அம்மா சுகம், நானும் இருக்கிறேன்.

எதிர் மேசைக்காரிக்கு இடம் கொடுத்ததற்கு நன்றி சொல்ல மாட்டேன். அது அவளுக்குச் சேர வேண்டிய இடம். அன்றைக்குச் சாயங்காலம் அவளால் திரும்பி வர முடியாது. அவளுடைய மூன்று வகுப்பையும் நான் எடுக்கிறேன், ஆகவே நான் வரப்போவதில்லை. நேரில் பேசுவதற்கும் ஒன்றுமில்லை. நேரில் வந்தால் நீ அழுவாய், நான் சமையலறைக்குப் போய்விடுவேன். அதோடு முடிந்துவிடும்.

பொறுமை காத்த குடும்பமா? நான் பொறுமை காக்கவில்லை, நிரூபணம் எழுதினேன். வைத்துக்கொள் என்று சொன்னது படியை. அதை யார் தந்தது என்று கேட்டால் மறைத்துக்கொள் என்று சொல்லவில்லை.

குழந்தைகளுக்கு அன்பு. கழுத்துப் பட்டையைக் கழற்றாதே.

அக்கா

•

நவம்பர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் நலமா? எதிர் மேசைக்காரி வந்து உன்னிடம் எல்லாம் சொல்லியிருப்பாள். ஆனாலும் நானே எழுத வேண்டும்.

முதலில் ஒன்று. அந்த மறுப்புக் குறிப்பை எழுதியது குழு இல்லை. நான்தான். விண்ணப்பத்தைப் படித்த மற்ற இருவரும் நிரூபணம் சரி என்றுதான் சொன்னார்கள். அவளுடைய முதல் பத்தியைப் படித்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அந்த நிபந்தனையை யாராவது தொட்டால், ஏன் என்று என்னைக் கேட்பார்கள். அந்தப் பயத்தில் எழுதினேன்.

அவள் நன்றாகப் பேசினாள். ஒவ்வொரு வரியையும் எழுதிவிட்டுத் திரும்பினாள், எங்களைப் பார்த்தாள், பிறகு பேசினாள். என் துறையில் இருபது வருஷமாக நான் கேட்ட பேச்சுகளில் இதுதான் எல்லோருக்கும் புரிந்தது. முடிந்ததும் எங்கள் மூத்த பேராசிரியர் எழுந்து கேட்டார்: "எல்லாம் சரிம்மா. தேவையே இல்லைன்னா அவர் அதை ஏன் போட்டார்?" அவர் எழுந்து நின்று பேசியதால் அவளுக்குப் புரிந்தது. "அதுதான் சார் எனக்கும் தெரியல. மூணு மாசம் தேடினேன். அவரே இங்க இருக்காரே, சொல்லட்டும்" என்று என்னைக் காட்டினாள்.

எழுந்து போனேன், அவள் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள். சாக்குக்கட்டியை எடுத்தேன். பலகையில் ஒற்றைப்படை என்று எழுதி, அந்தக் காலத்து முறைகளுக்கு அது வசதியாக இருந்தது என்று ஆரம்பித்தேன். பலகையைப் பார்த்துக்கொண்டுதான். நான் போட்ட விதியை நானே மீறுகிறேன் என்பது உறைக்கவில்லை. பாதி வாக்கியத்தில் முன்வரிசையிலிருந்து குரல் வந்தது. "சார், திரும்பிச் சொல்லுங்க. எனக்குக் கேக்கல."

திரும்பினேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், அக்கா. வேறு எதையும் பார்க்கவில்லை. அந்த வாக்கியத்தை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும், அவள் ஒவ்வொரு சொல்லாகப் பார்க்கப் போகிறாள். பலகையிடம் சொன்னதை அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

"எனக்குத் தெரியாது. அந்தப் படி என்னோடது இல்லை. எங்க அக்காவோடது," என்றேன்.

பிறகு பொத்தானைப் பற்றிச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. மூத்த பேராசிரியர் என்னோடு பேசாமலே கிளம்பிப் போனார். தலைவர் பதவியை விட்டுவிடுவதாகக் குழுவுக்கு எழுதிவிட்டேன். அவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

இத்துடன் இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று, ஆய்விதழுக்கு அனுப்பப்போகும் திருத்தக் குறிப்பு. நீ பார்த்து, சரி என்றால் அனுப்புகிறேன். இன்னொன்று உன்னுடைய அந்த நாலு பக்கம். கிழிக்கவில்லை. ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் கூடவே எடுத்துப் போனேன், ஒரு தடவையும் பிரித்துப் படிக்கவில்லை. இப்போது படித்தேன். கடைசியில், கையெழுத்துக்கு மேலே, "வேளாவேளைக்குச் சாப்பிடு. இதில் தப்பு இருந்தால் உடனே எழுது" என்று இருக்கிறது.

அதனால் எழுதுகிறேன். இதில் ஒரு தப்பு இருந்தது, அக்கா. பெரிய தப்பு என்னுடையது.

உன் தம்பி

•

டிசம்பர் 3

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா சுகம். உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக்காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அன்னைக்கு அந்தத் துணி கசங்கிப்போய் மறுபடி தேய்ச்சேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். வீட்டுக்குள் வெளிச்சம் ஒன்றும் இல்லை.

எதிர் மேசைக்காரி திரும்பி வந்து என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் விடைத்தாள் கட்டை என் மேசையில் போட்டுவிட்டு, "உங்களுக்குத் தெரிஞ்சிருந்தும் என்னைத் தேட விட்டீங்களா?" என்று கேட்டாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. தம்பியைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அவளை அலைய விட்டிருக்கிறேன். அவள் கோபம் நியாயம். உன்னை ஏசிய வாயால் என்னையும் ஏசிக்கொண்டேன். இன்றைக்குத்தான் எனக்குத் தேநீர் வாங்கி வைத்தாள்.

அவள் கட்டுரையில் என் பெயரைச் சேர்க்கலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். என் வழி நடுப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு போகிறது, அவள் வழிக்கு அது தேவையில்லை. அது அவளுடையது. முழுக்க அவளுடையது. பதவியை விடாதே. போட்ட விதிகளை நடத்திக் காட்டுவது யார்? அதை உட்கார்ந்து செய்.

திருத்தக் குறிப்பைப் பார்த்தேன். "இத்துணைத்தேற்றம் ஆசிரியரின் சகோதரியால் நிறுவப்பட்டது" என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் மறுபடி மாத்திரை போட வேண்டியதாயிற்று. சகோதரி என்பது ஒரு பெயரா? உலகத்தில் எத்தனை ஆசிரியருக்கு எத்தனை சகோதரி. ஜூன் மாதம் உன் குழுவுக்கு என் பெயர் இருந்தால் போதும் என்றாயே, அந்தப் பெயரை எழுது. முதலெழுத்தோடு முழுசாக எழுது. பக்கத்தில் கல்லூரியின் பெயரையும் எழுது, மாலைக் கல்லூரி என்றே எழுது. சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அந்த நாலு பக்கத்தையும் இத்துடன் அனுப்புகிறேன். எனக்கு ஒரு நகல் போதும். அது உனக்கு எழுதிய கடிதம்டா, உன்னிடமே இருக்கட்டும். கேட்டிருந்தால் எல்லாவற்றையும் கொடுத்திருப்பேன். நீ கேட்கவே இல்லை. அதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது, இன்னும் கொஞ்ச காலம் வரும். பொறுத்துக்கொள்.

தப்பு இருந்தால் எழுது என்று மட்டுமா அதில் எழுதியிருந்தேன்? நன்றாகப் பார். உடனே எழுது என்று எழுதியிருந்தேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. திருத்தத்தை உடனே அனுப்பு.

உன் அக்கா